அசதி மிஷினுக்கு மட்டும்

அந்தக் கொட்டகையில் அசதி மிஷினுக்கு மட்டும்தான் வரும், மனிதனுக்கு வராது.

"களைப்பாக இருந்தால் பறக்க மறுக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்" என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கேட்கவும் மாட்டார்கள்தான். அப்படி மறுத்த ஒரு பைலட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் அங்கே அவசர மருத்துவ ஹெலிகாப்டர் ஓட்டிய அவனும், மெக்கானிக்காக இருந்த அவன் மனைவியின் அண்ணனும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது இருவரும் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிவருவார்கள். மச்சான் கேட்பார்: "கொஞ்சமாவது கண்ணு அசந்துச்சா மாப்ளே?" இல்லையென்று தலையாட்டினால் போதும். அன்றைக்குப் பேட்டரி சோர்ந்துவிடும், அல்லது எங்காவது எண்ணெய் கசியும். அழைப்புகளைப் பக்கத்துத் தளம் பார்த்துக்கொள்ளும். மிஷின் படுத்துக்கொள்ள, அவனும் ஓய்வறையில் படுத்துக்கொள்வான்.

இரவு ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாற்றிப்போடும் வாரங்களில்தான் உயிர் போகும். எது பகல் எது ராத்திரி என்று உடம்புக்கு விளங்காது. வீட்டில் கண்ணை மூடினால் மேல்வீட்டுக்காரன் சுவரைத் துளைப்பான். சின்ன மகள் கதவைத் திறந்து, "அம்மா, அப்பா தூங்கறாராமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

அப்படியொரு வாரத்தில், நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், முன்னால் தெரிந்த ஆறு சட்டென்று பின்னால் கிடந்தது. நடுவில் அதைக் கடந்தது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. கை மட்டும் ஓட்டும் கம்பைப் பிடித்தபடி இருந்தது. இறங்கியபின் சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டான். மச்சானிடம் மட்டும் சொன்னான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

"உக்காருப்பா. ஆத்தைத் தாண்டினது ஞாபகமே இல்லையாமே?"

முதலில் கோபம் வரவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல வெட்கம்தான் வந்தது.

"மருத்துவப் பரிசோதனைக்காரங்க காதுக்குப் போச்சுன்னா உன் லைசென்ஸ் காலி. நான் வாயைத் திறக்கமாட்டேன். நீயும் இனிமே நல்ல மிஷினுக்கு நோவுன்னு படுக்கப்போடாதே. கூப்பிட்டா கிளம்பணும். எனக்கு ஆள் பத்தலை."

"அப்போ தூக்கம்?"

"ஏம்பா, காபி குடிக்கக்கூடவா நான் சொல்லித்தரணும்?"

கொட்டகையில் மச்சான் மிஷினடியில் மல்லாந்து படுத்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். காலைத் தட்டியும் வெளியே வரவில்லை.

"எவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கீங்க மச்சான்?"

"எல்லாத்தையும் சொல்லலை."

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்."

ஸ்பேனர் நின்றது. "ஆரம்பத்துலேர்ந்தேதான். கசியுதுன்னு கையெழுத்துப் போடறவன் நானில்ல? நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதானே உருளும்? இவனை ஒரு கண்ணு பாத்துக்கோ, உன்னைத் தலைமை மெக்கானிக் ஆக்கறேன்னு மேலாளர் சொன்னாரு."

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

"நீ என் தங்கச்சி புருஷன்டா. உனக்குக் கெடுதல் நினைப்பேனா?"

பாசம் என்று அவன் நம்பியிருந்த அந்தத் தினசரிக் கேள்வி, இத்தனை காலமும் விசாரணையாகத்தான் இருந்திருக்கிறது.

மணி அடித்தது. மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்திருந்தது. எப்போதும் அவனோடு பறக்கும் நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின்னால் ஏறினாள். அவன் முன்னிருக்கையில் பெல்ட்டை மாட்டினான். மச்சான் இன்று எதுவும் கேட்கவில்லை. எதிரே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"கிளம்பலாமா?" என்றது ரேடியோ.

அவன் மீட்டர் முட்களைப் பார்த்தான். எண்கள் ஓரத்தில் கரைந்து மறுபடி கூடின. இந்த ரேடியோவை எல்லாத் தளமும் கேட்கும். சொல்லிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். சொல்லாவிட்டால் மலை வரைக்கும் கண் தாங்குமா என்று தெரியவில்லை.

"மிஷின் நல்லா இருக்கு," என்றான். "பைலட்தான் சரியில்லை. தூங்கி நாளாச்சு. போன வாரம் பறக்கும்போதே கண்ணசந்துட்டேன். பக்கத்துத் தளத்தை அனுப்புங்க."

"திரும்பச் சொல்லுங்க?"

திரும்பச் சொன்னான். "மேலாளருக்கும் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும்" என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

மச்சானின் கை மெல்ல இறங்கியது. அலுவலகத்திலிருந்து மேலாளர் ஓடிவந்துகொண்டிருந்தார். பின்னால் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.

"போன வாரம்னா," என்றாள் நர்ஸ், "பேஷண்டை இறக்கிட்டுத் திரும்பி வந்தோமே, அன்னைக்கா?"

அவன் தலையசைத்தான்.

"நான் பின்னாடி தூங்கிட்டு வந்தேன். நீங்க முழிச்சிருக்கீங்கங்கற தைரியத்துல."

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா..."

"யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களே, பின்னாடி உக்காந்திருந்த என்னைத் தவிர," என்றாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மச்சானைத் தாண்டி, மேலாளரைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.