முதல் வரியில் ஒரு நாற்காலி

எங்கள் வணிகவியல் கல்லூரியில் முதல் வருஷத்துக்கு மட்டும் மூவாயிரத்து எண்ணூறு பேர். அத்தனை பேருக்கும் 'மேலாண்மைக் கோட்பாடுகள்' என்று ஒரு பாடம். புத்தகத்தை எழுதியவர் டாக்டர் ஷௌக்கி. அதை அரங்கத்தில் ஒலிபெருக்கி வைத்துப் படித்துக் காட்டுபவரும் அவர்தான், கேள்வித்தாள் எடுப்பவரும் அவர்தான். திட்டமிடல் பற்றிய இருபது மார்க் கேள்வியைத் திருத்துகிற பாவம் மட்டும் என்னுடையது. நான் அவருடைய உதவியாளன், பெயர் மேத்ஹத். என் ஆராய்ச்சிப் பட்டமும் அவர் கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் திட்டமிடலுக்குப் பதினோரு நன்மைகள். பத்து எழுதினால் மார்க் குறையும். பன்னிரண்டாவதாக யாராவது சொந்த மூளையைக் காட்டினால் இன்னும் குறையும். நைல் திசை மாறி ஓடினாலும் ஓடும், அந்தப் பதினொன்று மாறாது.

என் அண்ணன் ஃபத்ஹியின் மனைவி நாஹித் இந்தப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டு தவித்தார். அண்ணன் இறந்து மூன்று வருஷம். ஒரு பெண் குழந்தை. தண்ணீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் தற்காலிக வேலை. பட்டம் இல்லாதவர்களை அக்டோபரில் வெளியே அனுப்பப் போவதாகப் புது அதிகாரி சொல்லிவிட்டார். அண்ணி நான்கு வருஷத்துப் பாடங்களையும் முடித்தாயிற்று. இந்த முதல் வருஷப் பாடம் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. முதல் தடவை பிரசவம், இரண்டாம் தடவை அண்ணனின் சாவு. மூன்றாம் தடவை நன்றாகத்தான் எழுதினார், ஆனால் சொந்த வார்த்தையில். இது நாலாவது, கடைசி. இதிலும் போனால் பெயரையே அடித்துவிடுவார்கள், தேறிய மற்ற பாடங்களும் செல்லாது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பேன். போனதும் அண்ணனின் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அவர் மட்டும் சமையல்கட்டு வாசலில் பயறு புடைத்துக்கொண்டே ஒப்பிப்பார்.

"பதினொண்ணும் ஒண்ணு போலவே இருக்கு தம்பி. ஏழாவதுக்கும் ஒம்பதாவதுக்கும் என்னதான் வித்தியாசம்?"

"அது எழுதின டாக்டருக்கே தெரியாது அண்ணி. நீங்க கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணுங்க."

"குழாயில தண்ணி வரலன்னு ஜன்னலுக்கு வர்றவன்கிட்ட இந்த ஏழாவது நன்மையைச் சொல்லிப் பாருங்க, செருப்பைக் கழட்டுவான்."

"உங்களுக்கு வாய் மட்டும் குறைச்சலே இல்ல."

"அதுவும் இல்லேன்னா உங்க அண்ணன் போனப்பவே நானும் போயிருப்பேன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மனுஷி மறுபடியும் சொந்தமாக எழுதித் தொலைக்கப் போகிறார் என்று தோன்றியது. விடைத்தாளில் பெயர் தெரியாது, எப்போதும் ஒப்பித்தே காட்டிய அண்ணியின் கையெழுத்தும் எனக்குப் பழக்கமில்லை. மூலையை மடித்து ஒட்டி, மேலே ரகசிய எண் போட்டுத்தான் எங்களிடம் தருவார்கள். அதோடு, என் உறவினர் யாரும் இந்தப் பரீட்சை எழுதவில்லை என்று வருஷா வருஷம் கையெழுத்து வேறு வாங்குவார்கள். அண்ணன் மனைவி உறவா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அண்ணி, ஒரு காரியம் பண்ணுங்க," என்றேன். "திட்டமிடல் கேள்விக்கு முதல் வரியா நான் சொல்றதை எழுதுங்க. 'திட்டம் என்பது நாளை வரப்போகும் விருந்தாளிக்கு இன்றே நாற்காலி போட்டு வைப்பது.' இது புத்தகத்துல கிடையாது. இதைப் பார்த்ததும் உங்க பேப்பர்னு எனக்குத் தெரிஞ்சிடும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவர் முறம் நின்றது. "தப்பில்லையா தம்பி?"

"தப்புதான். அக்டோபர்ல வீட்ல உக்காரப் போறீங்களா?"

நோட்டின் மேல்பக்கத்தில் அந்த வரியை எழுதி, அடியில் சிவப்பில் ஒரு கோடும் போட்டுக்கொண்டார்.

ஜூன் மாதம் பரீட்சை முடிந்து திருத்த உட்கார்ந்தோம். மேலே ஒரு மின்விசிறி, அதுவும் காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுத்தது. முதல் தாள்கட்டிலேயே பதினாலாவது தாளில் நாற்காலி வந்துவிட்டது. அப்பாடா என்று மனம் குளிர்ந்தது. உள்ளே ஒரே கிறுக்கல், ஆறு நன்மைதான் இருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டு போட்டேன். அன்றைக்கு எனக்குத் தேநீர்கூட இனித்தது.

இருபத்தோராவது தாளிலும் நாற்காலி. முப்பதில் ஒன்று. அடுத்த தாள்கட்டுக்குள் ஒன்பது பேர் விருந்தாளிக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு, கல்லூரி வாசலில் இருக்கும் மஹ்ரூஸின் நகல் கடைக்கு ஓடினேன். இந்த ஊரில் எந்த ரகசியமும் அங்கே போய்த்தான் நகல் எடுத்துக்கொள்ளும்.

சுவரிலேயே ஒட்டியிருந்தான். 'கடைசிக் காலைத் தொகுப்பு' என்று தலைப்பு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் வரி. அதற்கும் கீழே: 'இதை முதல் வரியாக எழுதாதவன் தேறமாட்டான்.'

"இது எங்கிருந்து வந்தது மஹ்ரூஸ்?"

"தண்ணி ஆபீஸ் அம்மா ஒண்ணு படிக்குதே, அதோட நோட்டு. கூடப் படிக்கற பொண்ணு ரிஹாம் நகலெடுக்கக் கொண்டுவந்துச்சு. சிவப்புக் கோடு போட்டிருந்துச்சா, சும்மாவா போடுவாங்க? நான் ஒரு படி எடுத்து வெச்சுக்கிட்டேன். எழுதாதவன் தேறமாட்டான்கறது நம்ம கைச்சரக்கு." மார்பைத் தட்டிக்கொண்டான். "பரீட்சை அன்னிக்குக் காலையில சூடான ரொட்டி மாதிரி போச்சு பாஷா!"

ஆத்திரம் தலைக்கேறியது. மஹ்ரூஸ் மேல் இல்லை, அவன் வியாபாரி. அண்ணி மேல்தான். ஒரு நோட்டை உறைக்குள் வைத்துக் காப்பாற்றத் தெரியாதா? கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுக்க இவர் என்ன தர்மச்சத்திரமா நடத்துகிறார்? எனக்குக் கோபம் வந்தால் பேசமாட்டேன், அது என் பிறவிக் குணம். இரண்டு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் போட்ட கணக்கு இதுதான்: நாற்காலிக்காரர்களில் ஒருவர் அண்ணி. யார் என்று தெரியாது. ஆகவே எல்லோரையும் தூக்கிவிட வேண்டும். உள்ளே குப்பை இருந்தாலும் பதினாறு, பதினேழு, பதினெட்டு. இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

பாதி திருத்தியபோது டாக்டர் ஷௌக்கி கையில் கைக்குட்டையோடு உள்ளே வந்து மார்க் பட்டியலைப் பார்த்தார்.

"என்னப்பா மேத்ஹத், கல்யாண வீட்டு சர்பத்தா இது? இப்படி ஊத்தி வெச்சிருக்க?"

"இந்த வருஷம் நல்லா எழுதியிருக்காங்க டாக்டர்."

"நல்லா எழுதறதுக்கு இவங்க யாரு? நூத்துக்கு அறுபது பேருக்கு மேல என் பாடத்துல தேறினதா சரித்திரம் உண்டா? போட்ட மார்க்கை அடிச்சுத் திருத்தினா நான் கையெழுத்துப் போடணும், அது வேண்டாம். மிச்சத்துல இறுக்கு." ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்த நாற்காலி வரி நல்லாயிருக்கே. நான் வகுப்புல சொன்னதா?"

"ஆமா டாக்டர். நீங்க சொன்னதுதான்."

"சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்," என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் இறுக்கினேன். நாற்காலி இல்லாத தாள் என் கையில் கிடைத்தால் செத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முதல் வரியைப் பார்ப்பேன், அதில் கொஞ்சம் பிசகினாலும் வெட்டு. ஒரு தாள் நினைவிருக்கிறது. பள்ளிப்பிள்ளை போல நிறுத்தி நிதானமாக எழுதிய எழுத்து. 'வீட்டில் எத்தனை ரொட்டி மிச்சம் என்று தெரியாதவள் நாளைக்கு யாரையும் சாப்பிடக் கூப்பிட முடியாது. திட்டம் அந்த ரொட்டியை எண்ணுவதில் தொடங்குகிறது' என்று ஆரம்பித்தது. நல்ல வரிதான். அப்போதே தெரிந்தது. ஆனால் நல்லதைத் தேடவா அங்கே உட்கார்ந்திருந்தேன்? அந்தப் பக்கம் முழுக்கச் சமையல்கட்டுதான். 'புத்தகத்தில் இல்லை' என்று ஓரத்தில் எழுதி, இருபதுக்கு மூன்று போட்டு, அடுத்த தாளுக்குப் போனேன்.

முடிவு வந்த அன்று கோபம் எல்லாம் ஆறியிருந்தது. எப்படியும் தேறியிருப்பார் என்று பஸ்பூசா என்கிற ரவை இனிப்பை ஒரு தட்டு கட்டி வாங்கிக்கொண்டு போனேன். மாடிப்படியில் பக்கத்து வீட்டு உம்மு ஸக்கி நின்றிருந்தாள். காலையிலிருந்து குலவை போடத் தயாராக இருந்தவள், என் கையிலிருந்த இனிப்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி வழக்கம் போல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நாப்பத்தேழு," என்றார். "அம்பதுக்கு மூணு கம்மி. கருணை மார்க் ரெண்டுதானாம். அதையும் போட்டுப் பார்த்துட்டாங்களாம். கருணைக்கும் ஒரு மார்க் பத்தல தம்பி."

"எப்படி? அது எப்படி? அந்த வரிய எழுதினீங்கள்ல?"

"எழுதல."

பஸ்பூசா தட்டு என் மடியிலேயே இருந்தது.

"பரீட்சைக்கு உள்ள போறப்ப பாக்கறேன், ஊரே அந்தக் காகிதத்தை வெச்சுக்கிட்டு நிக்குது. ரிஹாமைக் கேட்டா அழறா, மஹ்ரூஸ்தான் பண்ணிட்டான்னு. எனக்கு உசுரே போயிடுச்சு. எல்லாரும் எழுதி, டாக்டர் தோண்டித் துருவி, கடைசியில நோட்டு என்னுதுன்னு தெரிஞ்சா? நான் யாருன்னு தெரிஞ்சா உங்க தலைதானே உருளும்? அண்ணன் போயாச்சு, உங்க பேரையும் நான் கெடுக்கணுமா? அதான் வேற எழுதினேன். அப்புறம் சொல்லலாம்னு எத்தனை தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கல."

"வேற என்ன எழுதினீங்க?"

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன்.

"வீட்ல எத்தனை ரொட்டி மிச்சம்னு தெரியாதவ..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். தண்ணீர் வராத குழாய்களுக்காக நாள் முழுக்க முகங்களைப் படிக்கிறவர். என் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"உங்க கைக்கு வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு."

"முழுசாப் படிச்சீங்களா?"

"இல்ல அண்ணி."

அவர் கத்தியிருக்கலாம். தட்டைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம், எறிந்திருந்தால் இன்றைக்கு நான் கொஞ்சமாவது தூங்குவேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"பக்கத்தைத் திருப்பியிருந்தீங்கன்னா, பதினொண்ணும் வரிசையா எழுதியிருந்தேன். ஏழாவதும் ஒம்பதாவதும்கூட மாறாம."

மறுநாள் டாக்டர் ஷௌக்கியின் அறை வாசலில் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், பட்டம் போகும், நாற்காலிக்காரர்கள் இருநூறு பேருக்கு மேல் போவார்கள். சொல்லாவிட்டால் ஒருத்தர்தான். அவர் சொல்லிக்கொடுத்த மேலாண்மை அவ்வளவுதான். அவர் தலை நிமிர்ந்து, "என்ன?" என்றார். "தேநீர் சொல்லட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். நான் ஒரு கோழை, இதை எந்தப் பாஷையில் எழுதினாலும் இதேதான்.

முறையீடு போடலாம் என்று அண்ணிதான் சொன்னார். அன்று புகார் ஜன்னலில் விடுப்பு எடுத்துவிட்டு, கல்லூரி முறையீட்டு ஜன்னலில் வந்து நின்றார். வெயிலில் நீண்ட வரிசை. நானும் கூட நின்றேன். முறையீட்டில் தாளை யாரும் திரும்பப் படிக்கமாட்டார்கள். கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். எனக்கு இது தெரியும். எத்தனையோ தடவை அந்தக் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

"இந்தத் தடவை ரெண்டாவது பக்கத்தைப் பார்ப்பாங்கள்ல தம்பி?"

"பார்ப்பாங்க அண்ணி."

கூட்டல் சரியாக இருந்தது.

அக்டோபரில் புகார் ஜன்னலில் வேறு பெண் உட்கார்ந்தாள். அதே மாதம் டாக்டரின் புத்தகம் புதிய பதிப்பாக வந்தது. திட்டமிடலுக்கு இப்போது பன்னிரண்டு நன்மைகள். முதலாவது அந்த நாற்காலி வரி. அதை எழுதாதவர்களுக்கு நான் மார்க் குறைக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் இன்னும் போகிறேன். அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார், நான் உட்காருகிறேன். பயறு புடைக்கிற சத்தம் கேட்கும். அவர் ஒன்றும் கேட்பதில்லை, நானும் ஒன்றும் சொல்வதில்லை.