உப்புப் பரணி

உப்புப் பரணிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் சத்தியபாய். கல்லுப்பு நகக்கண்ணில் ஏறி எரிந்தது. ஒரு தடவை ஜாடியின் அடிவரை பார்த்தாயிற்று. மனசு கேட்காமல் மறுபடியும் பார்த்தாள். முன்னறையில் அவளுடைய புருஷன் ஞானசிங்கைக் குளிப்பாட்டி முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆண்கள் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை கிணற்றடியில் பல் தேய்க்கப் போனவர், பிரஷைப் பிடித்த கையோடு சரிந்து உயிரை விட்டிருந்தார்.

“சத்தியக்கா, உப்புக்குள்ள என்னத்த தேடுதிய?”

பக்கத்து வீட்டு ராகேல் அடுக்களை வாசலில் நின்றாள்.

“கஞ்சிக்கு உப்பு எடுத்தேன்.”

“துட்டி வீட்டுல அடுப்பு பத்த வைக்க ஒங்கள ஆரு சொன்னா? கஞ்சி எங்க வீட்டுல இருந்து வரும்லா. வாங்க, அங்க வந்து இரிங்க.”

கையை வெளியே எடுத்தாள். போன வருஷம் கைக்குட்டையில் முடிந்து, அந்த உப்புக்கு அடியில் அவள் புதைத்து வைத்த தோட்டாக்கள் இல்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் முதல் இடி விழுந்திருந்தது. “மைனி, அண்ணனுக்க கல்யாணக் கோட்டு எங்க இருக்கு?” என்று கொழுந்தன் யேசுதாசன் கேட்டார். அந்தக் குடும்பத்து ஆண்களைக் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டோடுதான் அடக்கம் செய்வது. தெற்கு அறையில் அலமாரியைத் திறந்து காட்டினாள். அலமாரிக்குப் பக்கத்தில் கண்ணாடி ஷோகேஸ். பச்சை வெல்வெட் துணியின் மேல் நாலு பழைய ரிவால்வர்கள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. யேசுதாசன் கோட்டை ஹேங்கரோடு உருவிக்கொண்டு போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அந்த மூன்றும் செத்த துப்பாக்கிகள். குழலை அடைத்து, உள்ளே இருக்கிற ஊசியை எடுத்து, பார்வைக்கு மட்டும் என்று விற்கப்பட்டவை. காணாமல் போனது உயிருள்ளது. லைசென்ஸ் இருந்தது அதற்குத்தான்.

மகன் பிரபினையும் காலையிலிருந்து காணவில்லை.

ஞானசிங் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து மலைப்பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் காவலுக்குப் போனபோது வாங்கியது அந்த ரிவால்வர். துரைமார் காலத்தது. எஸ்டேட் வேலை நின்றபிறகும் லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். துப்பாக்கி துணி சுற்றி அலமாரியில் கிடந்தது. அதனால் யாருக்கும் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. பழைய ரிவால்வர்களைச் சேர்க்கிற கிறுக்கு அவருக்கு வந்தது பிரபின் சவுதியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

கம்பெனியும் மூடி, பேசி வைத்த கல்யாணமும் முறிந்து வந்தவன், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தட்டை வாசலில் வைத்தால் பாதி காலியாகும். ஜெபம் பண்ணியாயிற்று, டாக்டரிடம் கூட்டிப் போயாயிற்று. தேற்ற வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு புத்தி சொல்லி, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஒரு நாள் ஞானசிங் ஏதோ பழைய பங்களா ஏலத்திலிருந்து துருப்பிடித்த ரிவால்வர் ஒன்றை வாங்கி வந்து, முன்னறையில் பேப்பரை விரித்துக் கழற்ற உட்கார்ந்தார். ஒரு ஸ்க்ரூ அசைய மாட்டேன் என்றது. தானாக வெளியே வராத பிரபின் வந்து நின்று பார்த்தான்.

“இப்பிடி திருப்பினா தலை போயிரும்ப்பா. எண்ண விட்டு ஊற வைக்கணும்.”

சவுதியில் ஃபிட்டராக இருந்தவன் அல்லவா. அன்றைக்கு அப்பனும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஸ்க்ரூ கழன்ற அன்று பிரபின் சிரித்தான். அப்புறம் சொல்லவா வேண்டும், ஞானசிங் டீலர், எஸ்டேட் வீடு என்று அலைந்து இன்னும் இரண்டு கொண்டு வந்தார். வீடெங்கும் எண்ணெய் வாடை. சத்தியபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சேக்கதுக்கு வேற ஒண்ணும் கிட்டலியா? ஸ்டாம்பு சேருங்க, பழைய கடிகாரம் சேருங்க. மனசு சரியில்லாத பிள்ளைக்க கையில துப்பாக்கியா கொண்டு குடுப்பிய?”

“அது செத்ததாக்கும் ஏட்டி. அம்மிக்கல்லும் அதுவும் ஒண்ணு.”

“ஒண்ணு செத்ததில்லியே.”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூவை எண்ணெயில் போட்டார். பிறகு, “அவன் அறைய விட்டு வெளிய வாறது இதுக்கு மட்டுந்தான். வேற வழி இருந்தா நீ சொல்லு,” என்றார். அவளிடம் வேறு வழி இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

போன வருஷம் கடலோரக் கடியப்பட்டணத்திலிருந்து ததேயுஸ் என்கிற மீன்பிடிக்காரர் பிரபினை ஸ்கூட்டரில் கொண்டு வந்து இறக்கினார். பிரபினின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “பாற நுனியில நின்னான். பிள்ளைய பாத்துக்கிடுங்க,” என்று மட்டும் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டார். சத்தியபாய் அன்றைக்கே தோட்டாக்களை எடுத்து உப்பில் புதைத்தாள். அந்த வீட்டில் உப்புப் பரணியில் கை வைக்கிறவள் அவள் ஒருத்திதான். புருஷனிடம் சொல்லவில்லை. அவரும் தோட்டா எங்கே என்று கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை துப்பாக்கியைத் துடைக்கிற மனுஷன் ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசித்ததுமில்லை.

இப்போது துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை, பையனும் இல்லை. பிரபினின் போன் அணைந்து கிடந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? முற்றத்துப் பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஒரு காதில் விழுந்தால் போதும், பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தகப்பனை மகன் சுட்டான் என்று கதை கட்டிவிடுவார்கள்.

“பிரபின பாத்தியளா?” என்று யேசுதாசனிடம் மட்டும் கேட்டாள்.

“மாலை எடுக்க தோவாளைக்குப் போயிருப்பான் மைனி. நீங்க பதறாதிங்க.”

கொல்லைப்பக்கம் போய் ததேயுசுக்குப் போன் போட்டு, பாறைப் பக்கம் பார்க்கச் சொன்னாள். விஷயம் என்னவென்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். “பாற பக்கம் ஆருமில்லம்மா. நான் இங்கனயே நிக்கேன்.” யாரோ ஒரு மனுஷன் என் பிள்ளைக்காகக் கடலோரம் வெயிலில் நிற்கிறான் என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு முதன்முதலாகக் கண்ணில் நீர் வந்தது அப்போதுதான்.

பெட்டியை முற்றத்துக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். யேசுதாசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் காலத்துத் துணி, என்னா கனம்,” என்றார்.

கறுப்புக் கோட்டில் ஞானசிங் மாப்பிள்ளை மாதிரியேதான் இருந்தார், மீசை மட்டும் வெள்ளை. இந்த மழை தொடங்கின சமயம், கிணற்றடியில் தென்னம்பிள்ளை நட்ட வாரத்தில், இந்தக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கறுப்பு நூலால் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். உள்துணி பிரிந்துவிட்டது என்றார். “குடுங்க, நான் தச்சுத் தாறேன்,” என்றதற்குக் கொடுக்கவில்லை. “பட்டாளத்துத் தையலு. சாக்கு தைக்கது போல இருக்கு,” என்று அவள் கேலி செய்தாள். “போட்டுக்கிட்டு போறவன் நான். எனக்குப் போதும்,” என்றார் அவர்.

பாட்டு தொடங்கியது. சத்தியபாய் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அழு சத்தியம், அழுதாத்தான் மனசு ஆறும்,” என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஞானசிங்மேல் கோபம் கோபமாக வந்தது. துப்பாக்கியை வீட்டில் வைத்ததும் நீர், இப்போது ஒன்றும் தெரியாதவர்போல் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதும் நீர் என்று மனசுக்குள் சண்டை போட்டாள்.

வெயில் தாழ்ந்து, போதகர் வந்து அங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது பிரபின் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். கையில் மாலை இல்லை.

சத்தியபாய் எழுந்து ஓடினாள். பந்தலில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு “மக்கா, மக்கா” என்று கதறினாள். பார்த்த பெண்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள். அவள் கைகள் அவன் முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி வந்து, சட்டைக்கு அடியில் தடவி, பேண்ட் பைகளை அழுத்திப் பார்த்தன. ஒன்றுமில்லை. அதன்பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

“எங்க மக்கா போன?” என்று அவன் காதுக்குள் கேட்டாள்.

“ஸ்டேஷனுக்கு. துப்பாக்கிய ஒப்படைச்சாச்சு.”

“ஆரு சொன்னா?”

“அப்பா. முன்னயே சொல்லி வச்சிருந்தாரு. லைசென்சு எனக்க பேருல உள்ளது, நான் கண்ண மூடுனா அண்ணைக்கே கொண்டு குடுத்திரணும், ஒரு நாளு கூட வீட்டுல இருக்கப்பிடாது, அம்மைக்கு உறக்கம் வராதுன்னு.”

அம்மைக்கு உறக்கம் வராதாம். யாரை நினைத்துச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

“அந்தா இருக்க ஸ்டேஷனுக்கு போயிட்டு வர இவ்வளவு நேரமா?”

அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயிலில் அலைந்தவன்போல் உதடு வறண்டு வெடித்திருந்தது. பிறகு தாழ்ந்த குரலில், “அம்மா, தோட்டா எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஸ்டேஷன்ல கேட்டாங்க. அதையும் குடுக்கணுமாம், இல்லேன்னா கேஸாயிருமாம். நான் எல்லா இடமும் தேடிப் பாத்துட்டேன், இல்ல,” என்றான்.

ஸ்டேஷனிலிருந்து நேரே இங்கே வருகிறவன் எப்போது தேடினான்?

“நீ எப்ப மக்கா தேடுன?”

பிரபின் அவள் பிடியிலிருந்து விலகிப் பெட்டிப் பக்கம் போனான்.

போதகர் ஜெபத்தை முடித்தார். மூடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் நெற்றியில் முத்தம் கொடுத்து முத்தி செய்யலாம் என்றார்கள். சத்தியபாய் குனிந்தாள். நிலை தடுமாறாமல் இருக்க இடது கையை அவர் நெஞ்சில் ஊன்றினாள். கோட்டின் உள்துணிக்கு அடியில் எதுவோ கெட்டியாகக் கையில் தட்டியது. விரல் தடிமனில், பக்கத்தில் பக்கத்தில். அதைச் சுற்றிலும் சாக்கு தைத்ததுபோல் நெருக்கமில்லாத முரட்டுத் தையல்.

தென்னம்பிள்ளைக் குழியில் போட ஒரு கை உப்பு வேண்டும் என்று அவர் அடுக்களைக்குள் போனது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. கண்டெடுத்திருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர் நெற்றியில் முகத்தை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

“என்னம்மா?” என்று பிரபின் குனிந்தான். அவன் கையும் அப்பாவின் நெஞ்சை நோக்கி வந்தது. சத்தியபாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல மக்கா. நெத்தியில முத்து.”

அவன் முத்தினான்.

“மூடுங்க,” என்றாள் யேசுதாசனிடம்.

“தோவாளையில இருந்து மாலை வந்திட்டிருக்கு மைனி. கொஞ்சம் பொறுப்போம்.”

“மாலைய மேல போடலாம். மூடுங்க.”

கேஸ் வந்தால் வரட்டும். மூடியில் ஆணி இறங்கும் வரை அவள் மகனின் கையை விடவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ராகேல் கஞ்சியும் பயறும் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். பிரபின் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்.

“ஒங்க அம்மைக்கு புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயந்துட்டேன் கேட்டியா,” என்றாள் ராகேல் அகப்பையால் ஊற்றிக்கொண்டே. “காலம்பற உப்புப் பரணிக்குள்ள கைய விட்டு என்னத்தயோ தேடிட்டு நிக்கா.”

பிரபின் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

ராகேல் போனபிறகு அவன் ஒரு வாய் கஞ்சி குடித்தான். “உப்பு கொறவா இருக்கு,” என்றான்.

இத்தனை நாளும் அவள்தான் எழுந்துபோய் எடுத்து வந்து போடுவாள். இன்றைக்கு அசையவில்லை.

“பரணியில இருக்கு. போயி எடுத்துக்கோ.”

அவன் அடுக்களைக்குள் போனான். பரணியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் உப்பு புரளுகிற சத்தம். ஒரு நுள்ளு உப்பு எடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் அது கேட்டுக்கொண்டிருந்தது. சத்தியபாய் அவனுடைய கஞ்சி ஆறிவிடாமல் ஒரு தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மூடி திரும்பவும் விழுந்தது. முழங்கை வரை உப்புப் பொடி ஒட்டிய கையோடு வந்து உட்கார்ந்து, தட்டை விலக்கி, விரல்களில் இருந்ததைக் கஞ்சியில் உதறிக் கலக்கினான்.

“இப்ப செரியா இருக்கா?” என்று கேட்டாள்.

“ம்,” என்று சொல்லிக் குடிக்கத் தொடங்கினான்.