சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு ஈரம்

என் தங்கை நோரீனின் கணவன் கார்லண்ட் பிக்கெட் காப்பீட்டு நிறுவனமொன்றில் முப்பத்தோரு வருஷம் சேத ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் நாசமாகி நிற்பவர்களிடம் போய், தப்பு அவர்களுடையதுதான் என்று எழுதிக்கொண்டு வருவது அவன் உத்தியோகம். அதை அவ்வளவு நன்றாகச் செய்ததற்காக மூன்று தடவை கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மேதையின் வீட்டில்தான், டேட்டன் நகரத்து ஜனவரிக் குளிரில், விவாகரத்து முடிந்து வேறு வீடு கிடைக்காத நான் வந்து தங்கினேன். ஒன்பதாம் நாள் சாப்பாட்டு மேசைக்கு மேலே சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை.

கார்லண்ட் கறையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"பதினெட்டு வருஷமா இந்த ஷவர்லதான் குளிக்கிறோம். ஒரு சொட்டு இறங்கினதில்லை. இப்ப இந்த வீட்ல என்ன மாறியிருக்கு?"

"சீலிங்குக்கு வயசாயிருக்கு" என்றேன்.

"நீ வந்திருக்கே, வெண்டல்."

விசாரணை அன்றே தொடங்கிவிட்டது. முதலில் ஷவர் கண்ணாடிக் கதவைச் சுற்றி வெள்ளைப் பசையைப் பிதுக்கினான். கேக்குக்கு கிரீம் வைக்கிறவர்கள்கூட அவ்வளவு தாராளமாக வைக்க மாட்டார்கள். கறை பெரிதாகியது. அடுத்து, ஆளில்லாமல் ஷவரை அரை மணி நேரம் திறந்துவிட்டுக் கீழே டார்ச்சோடு நின்றான். ஒரு சொட்டுகூட விழவில்லை. வடிகால் ஓட்டையில் துணியை அடைத்துத் தண்ணீரைத் தேக்கிப் பார்த்தான். அதற்கும் எதுவும் இல்லை. குழாயில் கோளாறில்லை, சுவரில் கோளாறில்லை, ஆகவே குளிக்கிற ஆளில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். ஆள் யார் என்பதில் அவனுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகமில்லை.

குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து. நான் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து கேள்வி வரும்.

"வெண்டல்! தலையை உதறுறியா?"

"சோப்பு போடறேன்."

"எந்தப் பக்கம் திரும்பி?"

ஐம்பத்தெட்டு வயதில் எந்தத் திசை பார்த்து முதுகு தேய்ப்பது என்று வாக்குமூலம் கொடுத்தவன் இந்த ஒஹாயோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படியும் மேசை நடுவில் சொட்டியது. நோரீன் அங்கே ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தை வைத்தாள். நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு கார்லண்ட் கேக்குக்குப் போடுகிற வண்ணத் திரவம் ஒரு பெட்டி வாங்கி வந்தான். குளிக்கப் போகுமுன் தரையில் ஊற்ற வேண்டும், கீழே எந்த நிறம் சொட்டுகிறதோ அவர்தான் குற்றவாளி. எனக்குச் சிவப்பு, நோரீனுக்கு நீலம்.

"உனக்கு என்ன கலர்?" என்று நோரீன் கேட்டாள்.

"சோதனை பண்றவனே சோதனைக்குள்ள வர முடியாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

நான்கு நாள் நான் சிவப்புத் தண்ணீரில் நின்றேன். என் பாதங்கள் வெந்த இறால் மாதிரி ஆகிவிட்டன. பாத்திரத்தில் விழுந்ததோ வெறும் பழுப்புத் தண்ணீர்தான். நான் ரகசியமாகக் கழுவிவிடுகிறேன் என்று கார்லண்ட் கண்டுபிடித்தான். வியாழன் இரவுச் சாப்பாட்டின்போது, பக்கத்திலுள்ள விடுதிகளின் பட்டியலை அழகாக அச்செடுத்து என் தட்டுக்கு அருகில் வைத்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் எடுத்துக்கோ. அவசரமில்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை இழந்த ஆறு வாரத்தில் ஒருவன் இரண்டாவது தடவை வெளியே அனுப்பப்படும்போது, அதற்குக் காரணம் தண்ணீர்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்கினேன். நோரீன் வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, கார்லண்ட் குளிக்கப் போகும் முன் அவள் வடிகால் மூடியைத் தூக்கிப் பச்சைத் திரவத்தை ஒரு புட்டி முழுக்க அதைச் சுற்றி ஊற்றிவிட்டு வந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் கார்லண்டுக்கு முன்னால் ஒட்டகம் நின்றாலும் தெரியாது.

நாங்கள் கீழே டோஸ்ட் தின்றுகொண்டிருந்தோம். மேலே தண்ணீர் சத்தமும் அவன் பாட்டும் கேட்டன. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சீலிங்கில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, வெள்ளைப் பாத்திரத்தில் விழுந்தது. பச்சை. அடுத்ததும் பச்சை.

அவன் துண்டோடு இறங்கி வந்தபோது நோரீன் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"இது யாரோடது?" என்றான்.

"நீ குளிச்சது" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். "நீலமும் மஞ்சளும் சேர்ந்தாலும் பச்சை வரும்."

"மஞ்சள் யாருக்குக் குடுத்தே?"

"சீலிங்ல பழைய கறை மஞ்சளாத்தானே…"

"கார்லண்ட், வாயை மூடு. நான் பிளம்பரைக் கூப்பிட்டாச்சு."

ட்ரூடி என்கிற அந்தப் பிளம்பர் மதியம் வந்தாள். சீலிங்கில் சதுரமாக ஓட்டை வெட்டி, ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டாள். ஆளில்லாமல் ஷவர் ஓடியது, சொட்டவில்லை.

"யாராவது ஏறி நில்லுங்க!"

நான் நின்றேன். ஒன்றுமில்லை. நோரீன் நின்றாள். ஒன்றுமில்லை. இருநூற்றறுபது பவுண்டு கார்லண்ட் நீச்சல் டிராயரோடு ஏறினான்.

"வந்திருச்சு! சார், அந்த இடது காலை எடுங்க. நின்னுடுச்சு. திரும்ப ஊனுங்க. ஆங், வருது. எடுங்க."

நான்கு தடவை எடுத்து ஊன்றச் சொன்னாள். இரண்டே போதுமென்று நினைக்கிறேன். ஆனால் தொழில் தெரிந்தவளிடம் நான் ஏன் குறுக்கிட வேண்டும்?

மேலே வந்து கையைத் துடைத்தபடி சொன்னாள்: "உங்க வெயிட் பிரச்சினை இல்லை சார். நீங்க நின்ன இந்த அடித்தட்டுக்குக் கீழ சிமென்ட் கலவை போட்டு உக்கார வெச்சிருக்கணும். இங்க வெறும் காத்துதான் இருக்கு. கனமா யாராவது நின்னா தட்டு வளையுது, ஓட்டையைச் சுத்தியிருக்கிற ரப்பர் விலகுது. பதினெட்டு வருஷம் தாங்கினதே பெரிசு. எந்த மடையன் போட்டான் இதை?"

நானும் நோரீனும் கார்லண்டைப் பார்த்தோம்.

"பெட்டியிலேயே படம் போட்டுக் குடுத்திருப்பாங்களே!"

"அவர் படம் பாக்க மாட்டார்" என்றாள் நோரீன்.

இந்தத் தருணத்துக்காக இரண்டு வாரமாக நான் பேச்சுகள் தயார் செய்து வைத்திருந்தேன். ஏழெட்டு இருக்கும், ஒன்றை விட ஒன்று நச்சென்று. ஆனால் கார்லண்ட் கழிப்பறை மூடியில் ஈர டிராயரோடு உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் இரண்டை மட்டும் சொன்னேன்.

ட்ரூடி தட்டைக் கழற்றியபோது அவன் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தான். நான் மறுமுனையைப் பிடித்தேன். கூடத்துக்குத் தூக்கிப் போகும் வழியில், சுவரைப் பார்த்தபடி சொன்னான்:

"நாளைக்கு எங்கேயும் போக வேணாம். வீடு கிடைக்கிற வரைக்கும் இரு."

"எதுக்கு?"

"அந்த மோட்டல்ல எல்லாம் படுக்கை நல்லா இருக்காது."

அவனிடமிருந்து இதற்கு மேல் கறக்க முடியாது என்று தெரிந்ததால் சரி என்றேன்.

கலவை காய இரண்டு நாள் ஆகும், அதுவரை யாரும் குளிக்கக் கூடாது என்று ட்ரூடி சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிறு காலை மூன்று பேரும் துண்டும் கையுமாகப் பனியில் நடந்து, எதிர்வீட்டு விதவை மிஸஸ் ஹாட்லியின் கதவைத் தட்டினோம்.

"என்ன, பைப் உறைஞ்சுபோச்சா?" என்று அவள் கேட்டாள்.

ஆமென்று தலையாட்டினால் முடிந்திருக்கும். கார்லண்ட் தொண்டையைச் செருமினான்.

"இல்லைங்க. ஷவர் ஒழுகிச்சு. நான்தான் போட்டேன், தப்பா போட்டுட்டேன். இவன்மேல பழியைப் போட்டேன்."

நோரீன் துண்டைக் கீழே போட்டுவிட்டாள். அறுபத்தாறு வருஷ ஆயுளில் அந்த மனிதன் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வந்ததில்லை. சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து நின்றான், ஏதோ நடக்கும் என்பது போல.

"அப்படியா" என்றாள் மிஸஸ் ஹாட்லி. "பூட்ஸை வெளியிலேயே கழட்டிடுங்க, இப்பதான் துடைச்சேன்."