எதிர்க் கதிரையில் ஆளில்லை

நோயோடும் விலை பேசலாம் என்றுதான் கலீலுர் றஹ்மான் நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. துறைமுகத்துக்குப் போகும் தெருவில், கயிறும் வலையும் விற்கிற கடையில் வளர்ந்தவர். முதலில் சொன்ன விலைக்கு ஒரு பொருள் கைமாறியதை அவர் கண்டதே இல்லை. ஆகவே இடது கால் மரத்து, ஒரு கண் மங்கி, அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரியவந்தபோது, டொக்டர் சொன்னதைத் தன் தொழிலின் பாஷையில்தான் விளங்கிக்கொண்டார்.

"இது நரம்பைத் தாக்கிற வருத்தம். சில காலம் கூடும், சில காலம் தானாகவே குறையும். முழுசாத் துரத்த ஏலாது. மருந்தை விடாமல் எடுத்தால் தாக்கம் குறைவாக வரும்" என்றார் டொக்டர்.

கடைக்காரரின் காதில் அது ஆரம்ப விலையாக விழுந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தார். கூடவே பேரத்தையும் தொடங்கினார்.

முதலில் விலையாகக் கொடுத்தது சூரை மீன். சூரை கிரந்தி, உள்ளே கிடக்கிற வருத்தத்தைக் கிளப்பிவிடும் என்று கிண்ணியாவிலிருந்து வந்த மாமி சொல்லிவிட்டுப் போனார். இவர் சூரையை விட்டார். கொஞ்ச நாளில் காலின் விறைப்புக் குறைந்தது. வியாபாரம் படிந்துவிட்டது என்று தீர்மானித்தார். வெயில் காலத்தில் கண் மறுபடி மங்கியது. மறுதரப்பு விலையைக் கூட்டிவிட்டது என்று மாட்டிறைச்சியைக் கொடுத்தார். பிறகு முட்டை. பிறகு பாலும் தயிரும். தம்பி நௌபர் போனில் அனுப்புகிற ஒவ்வொரு வீடியோவும் மேசையிலிருந்து ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ரொட்டி போயிற்று, பருப்பும் போயிற்று. கடையில் அடிக்கடி எழும்பிப் போக வேண்டியிருக்கிறதென்று தண்ணீரையும் குறைத்தார். அதனால் வயிறு கல்லாகிப்போனதையும் நோயின் தலையிலேயே போட்டார். கடைசியில் மிஞ்சியது கஞ்சியும் அவித்த புடலங்காயும்.

கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற லோஜனா அவரைத் தராசில் ஏற்றினாள். ஆயுளெல்லாம் மற்றவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

"இன்னும் குறைஞ்சிருக்கிறீங்கள்" என்றாள் லோஜனா. "இந்த வருத்தத்தை மாத்திற சாப்பாடு எண்டு ஒண்டும் இல்லை. எல்லாருக்கும் நல்லது எதுவோ அதுதான் உங்களுக்கும். மீன், கீரை, பருப்பு, பழம், தீட்டாத அரிசி. எண்ணெயும் சீனியும் அளவோட. தண்ணியைக் குறைக்கக் கூடாது."

"சூரையை விட்டாப் பிறகுதானே காலுக்குச் சுகம் வந்தது?"

"விடாட்டியும் வந்திருக்கும்."

"ஓம், ஓம்" என்றார் கலீலுர் றஹ்மான். எல்லா வலையையும் விரித்துப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று நழுவுகிற ஆள் சொல்கிற ஓம் அது.

மழைக்காலம் முடிந்து கடல் படிந்தது. கரைவலைக்காரர்கள் கயிறு வாங்க வருகிற நாட்கள். அந்த நாட்களில் தன் கதிரையில் தான் இருக்க வேண்டும், வருகிறவனின் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும். இவ்வளவையும் அவர் கொடுத்தது அதற்காகத்தான். சல்லிக் கிராமத்திலிருந்து பழைய வாடிக்கைக்காரரான இராசதுரை வந்து ஒரு சுருள் கயிறு கேட்டார். கலீலுர் றஹ்மான் எழுந்து சுருளைத் தூக்கப் பார்த்தார். சுருள் அசையவில்லை, அவர்தான் அசைந்தார். அப்படியே கயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன நானா, என்ன செய்யுது?"

"கேட்டதெல்லாம் குடுத்தனான் இராசதுரை. இப்ப கடையையும் கேக்குது."

அடுத்த நாள் டொக்டர் கண்ணையும் கையையும் காலையும் ஆறுதலாகச் சோதித்தார்.

"புதுத் தாக்கம் ஒண்டும் தெரியேல்ல. நீங்கள் சாப்பிடேல்ல, அதுதான் விஷயம். தசை கரைஞ்சு போச்சு. இப்பிடியே போனால் கதிரையை விட்டு எழும்ப ஏலாமல் போகும். அதுக்கு இந்த வருத்தமே தேவையில்லை."

திரும்பி வரும்போது ஓட்டோவில் மனைவி ஜெஸீமா வாய் திறந்தாள். அவளும் மூதூரில் துணி வியாபாரியின் மகள்.

"ஒண்டு கேக்கட்டா?"

"கேள்."

"நீங்க குடுத்ததெல்லாம் ஆர் வாங்கினது?"

அவர் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்க் கதிரையில ஆள் இருந்தாத்தானே பேரம்? வெறுங் கதிரையோட நீங்களே விலையை ஏத்தி, நீங்களே அதுக்கு ஒத்துக்கொண்டு... இதை வேற ஆரும் செஞ்சிருந்தா பின்னேரம் வரைக்கும் சொல்லிச் சிரிச்சிருப்பீங்க."

ஓட்டோக்காரன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தெருவைக் கவனித்தான். கலீலுர் றஹ்மான் கடலைப் பார்த்தார். நட்டம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் எதிரில் ஒருவன் இருக்கிறான் என்று நம்பியவரைக்கும் செய்வதற்கு ஏதோ இருந்தது. அது வெறுங் கதிரை என்றால், நாளைக்குக் கால் எப்படி இருக்கும் என்பதை யாரோடும் பேசி முடிக்க முடியாது. வீடு வரும்வரை அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இராசதுரை ஒரு சூரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலைச் சுண்டலும். மூடிய சட்டி ஒன்றை மேசையில் வைத்து, ஜெஸீமா வழக்கத்துக்கு மாறாக அவருக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நாலு துண்டு" என்றாள்.

அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அரைத் துண்டு."

"அரைத் துண்டு பூனைக்கும் காணாது. மூண்டு."

"இது கிரந்தி புள்ள."

"கிரந்தி எண்டு சொன்ன மாமிதான் போன பெருநாளைக்குச் சட்டியை வழிச்சுத் திண்டவ. மூண்டு."

"ஒண்டு. இதான் கடைசிச் சொல்."

"உங்கட கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான் பேரமே தொடங்கும் எண்டு கடைத்தெரு முழுக்கத் தெரியும்."

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். வாங்குகிறவன் எழுந்து போவதாகக் காட்டுகிற பழைய வித்தை. கால் உடனே ஒத்துழைக்கவில்லை. ஜெஸீமா அவரைத் தடுக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை. சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாட்டி விடுங்க. பக்கத்து வீட்டு ஸஹ்ராவுக்குக் குடுத்தா சந்தோசமா வாங்குவா."

புளியும் மிளகும் போட்ட குழம்பின் மணம் மூடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு" என்றார் அவர்.

"ரெண்டு" என்று மூடியைத் திறந்தாள்.

முதல் துண்டை உதிர்த்து, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து ஆறுதலாகச் சாப்பிட்டார். மேசைக்குக் கீழே இடது கால் முன்பு போலவே விறைத்துத்தான் கிடந்தது. சூரை அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டாவது துண்டு முடிந்ததும் சட்டியைச் சரித்துப் பார்த்தார். உள்ளே குழம்பு மட்டும்தான் இருந்தது.

"இதுக்குள்ள ரெண்டு துண்டுதானே இருந்தது?"

"ஓம். மிச்ச மீன் நாளைக்கு."

"நாலு எண்டு கேட்டாய்."

"ரெண்டு எண்டு தொடங்கியிருந்தா மணத்தை மட்டும் எடுத்திட்டு எழும்பியிருப்பீங்க."

அவர் விரலை வழித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நல்ல வியாபாரியைக் கண்டால் அப்படித்தான் பார்ப்பார்.

"வியாபாரம் படிஞ்சாப் பிறகு மேலால ஏதும் கேக்கிறது வழமை" என்றார்.

"என்ன வேணும்?"

"ஒரு கோப்பை தண்ணி."

ஜெஸீமா விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.