மூன்றாம் வரிசைத் தூக்கம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, கையில் சோப்பு வாடை போகாமலே நாடகத்துக்கு ஓடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஞாயிறு மாலை தவறாமல் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, மேடையில் நடப்பதையெல்லாம் அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாடகமே பிடிக்காது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று ஏதோ ராஜா கதை. இரண்டாம் காட்சியிலேயே கண் சொருகியது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடியது. "ராஜா எழுந்திரிக்கிறார்... விரிப்பை உதறுறார்... நாலா மடிச்சு அடுக்குறார்... கறை பட்டதைத் தனியா போடுறார்..." என் குரல் எனக்கே எங்கோ தூரத்தில் கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் என் கையைத் தட்டி, "போதும், நீ தூங்கு" என்றார்.

கைதட்டலில்தான் விழித்தேன். தூக்கி வாரிப்போட்டது. வாரம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இது. அதையும் குறட்டை விட்டுக் கெடுத்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "மன்னிச்சிடுங்க. ஒண்ணுமே புரிஞ்சிருக்காது" என்றேன்.

"புரியாம என்ன? ராஜாவுக்கு ஒரு கால்ல வலி. மேடைப் பலகையில ஒரு செருப்பு இழுபட்டுக்கிட்டே இருக்கு. மகன் வந்தா மட்டும் வலியை மறைச்சிட்டு நேரா நடக்கிறார். ராஜா ஒரு கடுதாசியைக் கொளுத்தினப்ப புகை நம்ம வரிசை வரைக்கும் வந்துச்சு. மகன் செத்த சேதி வந்ததும் அரங்கத்துல ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடலை. அதுக்கப்புறம் அந்தச் செருப்பு இழுபட்டுச்சு பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

இத்தனை வருஷத்தில் ஒரு நாடகத்தைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நான் சொல்லும்போது இதெல்லாம் கேக்கலையா?"

"உன் குரல்தான் கேட்டுச்சு."

"ஆரம்பத்துலயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே."

"உனக்கு நாடகம்னா உசுருன்னு நினைச்சேன். அவ்வளவு ஆசையா சொல்லுவே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டார். "அடுத்த வாரம் நான் தனியா போயிட்டு வரட்டுமா? நீ வீட்ல படுத்துக்க."

நான் வேண்டிக்கிடந்த வரம்தான். ஆனால் காதில் விழுந்ததும் நெஞ்சு வலித்தது. நான் இல்லாமலும் அவருடைய மாலை நன்றாகவே போய்விடும்.

"வேண்டாம், நானும் வர்றேன்" என்றேன். "அந்த நாற்காலி தூங்க வசதியா இருக்கு. திரும்பி வர்றப்ப நீங்க கதையைச் சொல்லுங்க."