ஏழு வருஷம் பின்தங்கிய குரோம்

அஷ்மாவி வீட்டு வாசலில் நிற்கும் ஜாவா மோட்டார் சைக்கிளின் குரோம் ஏழு வருஷம் பின்தங்கி ஓடுகிறது. பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கங்களிலும் இன்றைய தெரு தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன் இதே நாளில், இதே நேரத்தில் வண்டிக்கு எதிரே என்ன இருந்ததோ அதுதான் தெரியும். முகப்பு விளக்கின் வளையத்தில் அந்த வருஷத்து மேகங்கள் போகும். மட்கார்டில், நகராட்சி இடித்துத் தள்ளிய காபிக்கடை காலையில் திறந்து, ராத்திரி சாத்திக்கொள்ளும். நைல் ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கும் மீன்பிடி ஊர் அது. இஸ்பத் அல்-புர்ஜ் என்று பெயர். ஊர்க்காரர்கள் முதல் வாரம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சவரக்கடை குனைம் மட்டும் தினமும் வந்து, தலையில் முடியோடு தெருவைக் கடந்துபோகும் தன்னைப் பார்த்துவிட்டுப் போவான்.

வண்டி அஷ்மாவியின் ஒரே மகன் ரிஃபாத்தினுடையது. பக்கத்து நகரமான தமியத்தாவில் ஒரு தச்சனிடம் பழையதாக வாங்கியது. ரிஃபாத் விசைப்படகில் தூரக் கடலுக்குப் போனான். படகும் திரும்பவில்லை, அதன் பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. வண்டி சில காலம் வாசலிலேயே நின்றது, பிறகு தார்ப்பாய்க்குள் போனது. மகன் போன ஐந்தாம் வருஷம், வண்டியை விற்றுவிடலாம் என்று அஷ்மாவி தார்ப்பாயை இழுத்தபோது, டேங்கின் பக்கவாட்டில் ரிஃபாத் குனிந்து தலை வாரிக்கொண்டிருந்தான். குரோம் ஏழு வருஷம் பின்னால் இருந்தது. அவன் போய் ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஆக, அந்த இரும்பில் இன்னும் இரண்டு வருஷ ரிஃபாத் மிச்சமிருந்தான்.

அந்த இரண்டு வருஷமும் அவன் தாய் நபவிய்யா வண்டிக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்துதான் மீன் கழுவினாள், அவரைக்காய் உரித்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போன நாட்களில், அசையாமல் நிற்கும் டேங்கில் தமியத்தா சாலையும் ஏரிக்கரையும் வேகமாக ஓடும். அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டு வரும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டாள். “சாப்பிடாமப் போறான் பாரு, கழுதை” என்று டேங்கைத் திட்டுவாள். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கடலுக்குப் பிள்ளையைக் கொடுக்காத வீடு அந்தத் தெருவில் அதிகமில்லை, அவர்களுக்கு இந்த மாதிரி ஒரு வண்டியும் வாய்க்கவில்லை.

ஆனால் கடல்காற்று குரோமையும் விடவில்லை. குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும் வந்து போகும்போது மிளகு தூவியதுபோலத் துருப்புள்ளி விழுந்தது. அஷ்மாவி பழைய இன்ஜின் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். புள்ளி படையாகி, ரிஃபாத்தின் காதருகே வந்து நின்றது. மெக்கானிக் பகீத் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஊர் வழக்கப்படி அஷ்மாவியை ‘ரிஃபாத்தின் தந்தை’ என்று கூப்பிட்டுச் சொன்னான்.

“அபு ரிஃபாத், இந்தக் குரோம் செத்துப்போச்சு. முலாம் போடறவன்கிட்டக் குடுத்தா பழைய தோலை ஆசிட்டுல உரிச்சுட்டுத்தான் புதுசு போடுவான். இல்லேன்னா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெயின்ட் அடிச்சுடு. சும்மா விட்டே, வர்ற குளிருக்குள்ள டேங்கு ஓட்டையாகி, உன் பையன் காது வழியா பெட்ரோல் ஒழுகும்.”

“உன் வாயில துரு பிடிக்க” என்றாள் நபவிய்யா. “பெயின்ட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். துரு தின்ன மிச்சத்துல எம்புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

அஷ்மாவி எண்ணெய்த் துணியைப் பிழிந்து மடித்து வைத்தான். அவன் படகுத்துறையில் பெயின்ட் அடிப்பவன். முப்பது வருஷமாகப் படகுகளின் அடிவயிற்றில் மல்லாந்து கிடந்து, சிவப்பு அடிப்பூச்சு கண்ணில் சொட்டச் சொட்ட வேலை செய்து, முதுகு வளைந்தவன். டேங்கைப் பார்க்கும்போதெல்லாம் அவன் துருவைப் பார்க்கவில்லை, நாளைப் பார்த்தான். ரிஃபாத் கிளம்பிய காலை குரோமில் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலையில் நபவிய்யா தமியத்தா ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்டு கிடந்தாள். வீட்டில் அப்பனும் மகனும்தான். ரிஃபாத் பையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துடைத்த டேங்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். “இந்த ஒரு தடவை வேணாம் வாப்பா. மனசு என்னமோ பண்ணுது” என்றான். “படகு கெளம்பற நேரத்துல மனசாம், மனசு! நீ என்ன புதுப்பொண்ணா, அழுது அடம்பிடிச்சுப் போறதுக்கு?” என்று சொல்லி, அஷ்மாவிதான் அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி, பையை அவன் கையில் திணித்து, வலது கையால் முதுகில் தள்ளிவிட்டான். ஊருக்கும் மனைவிக்கும், பிள்ளை சிரித்துக்கொண்டே போனான் என்று சொல்லியிருந்தான். குரோமில் சத்தம் வராது. ஆனால் தள்ளிய கை தெரியும்.

ஒருநாள் டேங்கில் ரிஃபாத் தன் தாயைக் கைத்தாங்கலாக மூன்றுசக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். நபவிய்யா அதைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினாள். “போற முகத்தை நீ பாத்தே. நான் பாக்கல. எனக்கு அந்த ஒரு காலை வேணும், அபு ரிஃபாத். அப்புறம் நீ தாரை வேணா பூசிக்கோ.”

“பாத்து என்ன ஆகப்போவுது உம்மு ரிஃபாத்? போனவன் போனவன்தான்.”

“உனக்கென்ன, நீ வயிறு நெறையப் பாத்துட்டே.”

அந்தக் காலையும் வந்தது. வீட்டில் ரொட்டி இல்லை, முந்தின ராத்திரியே அதை நாய்க்குப் போட்டிருந்தான் அஷ்மாவி. “ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடு, அவன் வெயில் ஏறித்தான் கெளம்பினான்” என்று பொய் சொன்னான். ரேஷன் ரொட்டிக் கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் படகுக்கு அடிக்கும் சிவப்பு டப்பாவைத் திறந்தான்.

அந்த ஊரில் இரும்பு என்று எதைக் காட்டினாலும் அந்தச் சிவப்பைத்தான் அடிப்பார்கள்: நங்கூரம், கதவு, கட்டில், இறந்தவரைத் தூக்கிப்போகும் சந்தூக்கின் கால்கள். கடலையே தாங்கும் பூச்சு, வேறெதைத் தாங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. உப்புத்தாளையும் எடுத்து வைத்திருந்தான். ஆனால் டேங்கில் ரிஃபாத் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். முகத்துக்கு நேரே முகம். அந்தக் கன்னத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க அஷ்மாவிக்குக் கை வரவில்லை. தேய்க்காமலேயே பிரஷ்ஷைத் தோய்த்தான். குரோமுக்குள், நிலைப்படியில் ஏழு வருஷத்துக்கு முந்தைய அஷ்மாவி வந்து நின்று வாயைத் திறந்தான். முதலில் அந்த வாயை அடைத்தான். பிறகு பையை, பிறகு தோளை. மகனின் முகம் கடைசிவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷின் மயிர் ஒன்று மகன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அஷ்மாவி அதை விரலால் எடுத்துவிட்டு, நெற்றியையும் மூடினான்.

நபவிய்யா ரொட்டியோடு வந்து நின்றாள். வண்டி சிவப்பாக இருந்தது. ரொட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஈரப் பெயின்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை சிவப்பானதுதான் மிச்சம். “அப்பவும் நான் இல்ல, இப்பவும் என்னை வெளிய அனுப்பிட்டே” என்றாள். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு, உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்ற அளவில் நின்றுபோனது.

மரமும் வெறும் இரும்பும் குடிக்கும் அந்தப் பூச்சைக் குரோம் குடிக்கவில்லை. முதல் புயலில் கொப்புளம் வந்தது. இரண்டாவது புயலில், வெயில் பட்ட முதுகுத் தோலைப்போலச் சிவப்பு உரிந்து தொங்கியது. “தேய்க்காம அடிச்சியாக்கும்! முப்பது வருஷம் பிரஷ் பிடிச்ச கை!” என்று பகீத் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு காலையில் டேங்கின் ஒரு பக்கம் முழுதாகக் கழன்று விழுந்தது. நபவிய்யா ஓடிவந்து மணையைப் போட்டாள்.

ரிஃபாத் இல்லை. அவன் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. குரோமில் அந்த வருஷத்து நபவிய்யா, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படியில் உட்கார்ந்து தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வறுத்த மீனில் நடுத்துண்டைத் தனித் தட்டில் எடுத்து மூடி வைத்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வருஷத்து அஷ்மாவி வந்தான். அவள் திரும்பி ஏதோ கேட்க, பிள்ளை சிரித்துக்கொண்டே போனான் என்று அவன் முகத்தாலும் கையாலும் செய்து காட்டினான். அவள் தெருப்பக்கம் திரும்பியதும் தன் வலது கையைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான்.

நபவிய்யா வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கிழவனின் வலது கையைப் பார்த்தாள். “இன்னொரு மணை கொண்டா” என்றாள்.

அன்றிலிருந்து இருவரும் காலையில் தேநீரோடு வண்டிக்கு எதிரே உட்காருகிறார்கள். குனைம் வழக்கம்போல வந்து தன் முடியைப் பார்த்துவிட்டுப் போகிறான். குரோமில் இருக்கும் இருவரும் தெருக்கோடியில் யார் நிழல் விழுந்தாலும் எழுந்து நிற்கிறார்கள், பிறகு உட்காருகிறார்கள். உடல் இல்லாமலே ஊர் கூடி ரிஃபாத்துக்கு ஜனாசா என்னும் இறுதித் தொழுகை தொழுத நாள் அங்கே வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை அவர்கள் காத்திருப்பார்கள். யாராலும் அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது.