மேல் பாதி கறுப்பு

1

கண்டி யட்டிநுவர வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் உம்மு குல்சும், நான் கேட்ட பாதி விலைக்கே சாரியைத் தந்துவிட்டார். இந்தக் கதை பிறந்தது அந்த அதிர்ச்சியில்தான். நான் பேரம் பேசுகிற குடும்பத்தில் வளர்ந்தவன். பாதி விலைக்குக் கேட்டால் முதலில் திட்டு விழவேண்டும், பிறகு தேநீர் வரவேண்டும். இரண்டும் வரவில்லை. என்ன நடந்தது என்று அவருடைய மகள் ரபீகாவிடம் கேட்டேன். அவர் சொன்னது பாதி. மீதி என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "உம்மு குல்சுமின் நெற்றிப்பொட்டில் வலி ஒரு"

[வேண்டாம். வலிக்கிறவர் உவமை தேடமாட்டார்.]

இரண்டாவது: தலை சீவினால் நெற்றிப்பொட்டு நொந்தது. இறைச்சி மென்றால் தாடை ஓய்ந்துபோனது. யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் சஞ்சீவனி அந்த இடத்து நாடியைத் தடவிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"அம்மா, இண்டைக்கே குளிசை தொடங்கவேணும். காலமையில பன்னிரண்டு. இல்லாட்டிக் கண் போயிடும்."

"பன்னெண்டா? ஒரு ஆறு போட்டுப் பாப்பமே, டொக்டர்."

"இதில குறைக்க ஏலாது, அம்மா."

உம்மு குல்சும் கதிரையை விட்டு எழும்பிக் கதவுவரை மெல்ல நடந்தார். [வியாபாரம் தெரியாத வாசகருக்கு: இது போகிற நடை அல்ல. பின்னாலிருந்து கூப்பிட அவகாசம் கொடுக்கிற நடை.] டொக்டர் கூப்பிடவில்லை.

"கெட்டிக்காரி," என்று படியிறங்கும்போது டொக்டரை மகளிடம் மெச்சினார். "பன்னெண்டு எண்டு செல்றவ ஆறுக்கு எறங்கி நிப்பா, புள்ள."

வீட்டில் ஆறு மாத்திரைதான் விழுங்கினார்.

இவ்வளவு புத்திசாலி இப்படிச் செய்வாரா? இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். செய்வார். புத்திசாலி என்பதால்தான் செய்வார். முதலில் சொன்ன கணக்குக்குத் தலையாட்டுகிறவனை எங்கள் ஆட்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

3

நாடிச் சுவருக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆகவே சொல்லவேண்டியது என் வேலை. "காவல்காரனே முதலாளியை அடித்தான்" என்று எழுதி அடித்துவிட்டேன். அதில் துரோகம் இருக்கிறது. இங்கே துரோகி யாருமில்லை.

சுவருக்குள் கிளை விரித்த கலங்கள், அதாவது செல்கள், சில சும்மா கிடக்கும். ஒருநாள், ஏனென்று இதுவரை எவருக்கும் சரியாகத் தெரியாது, அவை விழித்து, "இங்கே எதிரி" என்று காட்டும். நம்பிக்கையான தரகரின் வாயிலிருந்து வந்த பொய்ச்செய்தி மாதிரி. உடம்பைக் காவல் காக்கும் T-கலங்கள் அதை நம்பி வந்து, விழுங்கும் கலங்களைக் கூப்பிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டி இராட்சதக் கலங்களாகும். சுவர் தடிக்கும், வழி ஒடுங்கும், கண் நரம்புக்கு இரத்தம் போகாது. எல்லோரும் நாணயமானவர்கள், நாடிதான் நாசம். ஆறு குளிசை அந்தக் கூட்டத்தில் பாதியைத்தான் அடக்கியது.*

* மருத்துவம் இவ்வளவு நேர்கணக்கு அல்ல. கதைக்காக இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

4

கடையில் புதுச் சரக்கு பிரித்தார்கள். உம்மு குல்சும் ஒரு சாரியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இழை பார்க்க இடக் கண்ணை இடுக்கியபடி சீறினார்.

"இதென்னத்த அனுப்பி ஈக்கிறானுகள்? மேல் பாதி முழுக்கக் கறுப்பு! திருப்பி அனுப்பு."

"எங்க உம்மா கறுப்பு? முழுசும் கிளிப்பச்சதானே."

"எனக்கிட்ட வெளயாடாத."

ரபீகா சாரியைக் கீழே இறக்கினார். கறுப்பு இறங்கவில்லை. தாயின் வலக் கண்ணைக் கையால் பொத்தினார். முழுப் பச்சை. இடக் கண்ணைப் பொத்தினார்.

மேல் பாதி மறுபடி கறுப்பு. உம்மு குல்சும் மகளின் கையைத் தட்டிவிட்டுத் தன் கையால் பொத்திப் பார்த்தார். வாவிக்கரை நெரிசலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வலக் கண்ணில் கீழ்ப் பாதியும்

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

5

ஊசி ஏற்றினார்கள். போன கண் போனதுதான். இடக் கண்ணுக்காகத் தினமும் பன்னிரண்டு விழுங்கினார், ஒன்றும் குறையாமல். கடையிலும் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார். இரத்தத்தில் சீனி ஏறியது, எலும்பு மெலிந்தது. இப்போது டொக்டரே இறங்கி வருகிறார்.

"இனி ரெண்டைக் குறைப்பம், அம்மா. பத்து."

"ஏலாது, டொக்டர்."

"இரத்தச் சோதனை நல்லா இருக்கு."

"நாடிச் செவுத்துக்குள்ள பாத்தீங்களா?"

"இல்லை," என்றார் டொக்டர், நேர்மையாக.

நான் ஒரு முடிவு எழுதினேன். அதில் குறைக்கமாட்டாமல் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பை நொறுக்கிக்கொள்கிறார். இன்னொன்று எழுதினேன். அதில் குறைத்துவிட்டு, விடிந்தெழுந்து, "லைட்டப் போடு மகள்" என்கிறார். லைட் எரிந்துகொண்டுதான்

இரண்டையும் விற்க எனக்கு மனமில்லை. உம்மு குல்சுமின் உள்ளங்கையில் பன்னிரண்டு குளிசைகள் இருக்கின்றன. மூடப் பார்க்கிறார். அதில் இரண்டை எடுக்க டொக்டரின் விரல்கள் காத்திருக்கின்றன. நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பாதியில் மட்டும் நிற்காதீர்கள்.